உம்மாவின் தலைமாட்டுக்கு ஒரு கள்ளி

தோஹா
2011.03.04

மச்சான் ஹயாத்து முகம்மதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நான் சுகம். நீங்களும் தங்கச்சி உம்மு குல்தூமும் சுகம்தானே? உங்கள் காது எப்படி? போனில் நான் ஒன்று கேட்டால் நீங்கள் வெங்காய விலை சொல்கிறீர்கள். அதனால்தான் கடிதம். தங்கச்சியைக் கொண்டு உங்கள் காதில் கத்த வைக்கிற விஷயமும் இல்லை இது.

உம்மா மௌத்தாகி நாளையோடு நாலு மாதம். மூத்த மகன் நான், சந்தூக்கைத் தோளில் தூக்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. கபுறுக்குள் இறங்கி உம்மாவை வைத்தது நீங்கள். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

கபுறின் தலைமாட்டில் பச்சையாக ஒன்று நிற்கும்வரை அது அல்லாஹ்வைத் துதித்துத் தஸ்பீஹ் செய்துகொண்டிருக்கும், உள்ளே இருப்பவருக்கு வேதனை லேசாக இருக்கும் என்று உம்மா சொல்வார். வாப்பாவின் கபுறில் நாம் நட்டது ஒன்றையும் ஆடும் கழுதையும் விட்டுவைக்கவில்லை. நான் வேலை செய்கிற இந்தச் செடிப் பண்ணையில் பாலைவனக் கள்ளி ஒரு கொட்டகை நிறைய நிற்கிறது. அதில் தூண்போல நிமிர்ந்து வளரும் ஜாதி ஒன்று. வருடம் முழுக்க மழை இல்லாவிட்டாலும் பச்சை மாறாது. கழுதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பழம் வெடித்ததும் விதை எடுத்துக் கழுவிக் காயவைத்து இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். முப்பது விதை.

உப்பில்லாத மணலும் சிரட்டைக் கரித்தூளும் கலந்து கொள்ளுங்கள். களப்பு மணல் வேண்டாம். விதையைப் புதைக்க வேண்டாம், மேலே தூவினால் போதும். பொலித்தீனால் மூடி நிழலில் வையுங்கள். முளைத்த பிறகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். தண்ணீர் விஷயம்தான் முக்கியம். மண் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். வெங்காயப் பாத்திக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினீர்கள் என்றால் முடிந்தது கதை. இரண்டு வருடத்தில் ஒரு சாண் வந்துவிடும், கபுறில் வைக்கலாம்.

தலைமாட்டில் மீசான் கல் நட்டாகிவிட்டதா? பெயரைச் சரியாக வெட்டியிருக்கிறார்களா? எழுதுங்கள்.

துஆவுடன்,
செய்னுலாப்தீன்


நுரைச்சோலை
2011.03.21
(உறையில் போட்டு ஒட்டியது. தபாலில் சேர்க்கவில்லை.)

மச்சானுக்கு ஸலாம். சுகம் விசாரிக்க முகமில்லை, நேரே சொல்கிறேன். உம்மாவின் கபுறு எது என்று எனக்குத் தெரியாது.

அந்த மாதம் ஊரில் நாலு மௌத்து. நாலு பேரையும் களப்புப் பக்க மையவாடியில் ஒரே வரிசையில் அடக்கினோம். உம்மாவுக்குப் பலகையில் பெயின்டால் பெயர் எழுதி நட்டேன். நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு முன்பு கல் நடுவதாகச் சொன்னவன் நான்தான். கல்லும் புத்தளத்திலிருந்து வந்துவிட்டது. வெங்காயம் பிடுங்குகிற நேரம், மழை விடட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். தை மாதம் வெள்ளம் வந்தது. மையவாடியில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் வரிசையே இல்லை, பலகைகள் எல்லாம் வேலியில் சிக்கிக் கிடந்தன. ஊரார் சேர்ந்து நாலு மேட்டையும் மறுபடி குவித்தார்கள். நானும்தான் மண் அள்ளிப் போட்டேன். எது யாருடையது என்று கேட்க வாய் வரவில்லை. பிறகு பள்ளி மோதினாரிடம் கேட்டேன். "ஒங்கட மாமிய நீங்கதானே எறங்கி வெச்சீங்க, என்னப் போய்க் கேக்கிறீங்க?" என்றார்.

கல் தோட்டத்துத் தண்ணீர் மோட்டர் கொட்டிலில் வெங்காயச் சாக்குக்குக் கீழே கிடக்கிறது. உம்மு குல்தூம் அதை நட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நம் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லையே. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து வந்ததும், "உம்மாவுக்கு ஸலாம் சொன்னீங்களா?" என்று என் காதில் கத்துவாள். நான் தலையாட்டுவேன். அது பொய் இல்லை. நாலு பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன்.

விதையைத் திருப்பி அனுப்பட்டுமா மச்சான்?

ஹயாத்து முகம்மது


நுரைச்சோலை
2011.03.29

தோஹாவில் காய்ந்துகொண்டிருக்கும் மச்சானுக்கு, நுரைச்சோலைக் காற்றில் மணல் தின்றுகொண்டிருக்கும் ஹயாத்து முகம்மதுவின் ஸலாம். இங்கு எல்லோரும் சுகம். காது அப்படியேதான். இருபது வருடம் தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு இனி என்ன கேட்கப் போகிறது? உங்கள் தங்கச்சியின் சத்தம் மட்டும் கேட்கிறது. அதற்குக் காதே தேவையில்லை.

விதை பத்திரமாக வந்து சேர்ந்தது. கசகசா மாதிரி இருந்ததால் மனிசி கறிக்குப் போடப் பார்த்தாள், தட்டிப் பறித்தேன். யோகட் கோப்பைகளின் அடியில் ஓட்டை போட்டு, தோட்டத்து மணலை மூன்று தரம் கழுவிக் காயவைத்து, கரித்தூள் கலந்து, நேற்றுத் தூவினேன். எல்லாம் மோட்டர் கொட்டிலில், நிழலில். இரண்டு வேளையும் குழாய் பிடித்துப் பழகிய கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பாத்திக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

நீங்கள் கேட்ட மற்ற விஷயமெல்லாம் ஒழுங்கு. கவலை வேண்டாம்.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பாருங்கள்.

ஹயாத்து முகம்மது


தோஹா
2011.05.13

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு வெயில் தொடங்கிவிட்டது, மற்றபடி சுகம். கல் விஷயம் ஒழுங்கு என்று நீங்கள் எழுதியதைப் படித்த அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

பத்தொன்பது முளைத்ததாகத் தங்கச்சி போனில் சொன்னாள். நல்ல கை உங்களுக்கு. முதலில் இரண்டு பச்சைப் பொட்டு மாதிரி இருக்கும். நடுவில் மயிர் மாதிரி முள் எட்டிப் பார்த்தால் பயமில்லை. பொலித்தீனுக்குள் வேர்த்து நனைந்திருந்தால் உடனே திறந்துவிடுங்கள், பூஞ்சணம் பிடித்தால் ஒரு பகலில் எல்லாம் சாய்ந்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். உம்மா மௌத்தானபோது முதலாளி லீவு தரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அவரிடம் நான் லீவே கேட்கவில்லை மச்சான். அந்த மாதம் லீவில் போன இரண்டு பேரைத் திரும்ப எடுக்கவில்லை, நானும் பயந்துவிட்டேன். உம்மாவை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொண்டேன். தங்கச்சிக்குத் தெரியாது. உங்களிடம் மறைத்து வைத்துக்கொண்டு உங்களையே செடி வளர்க்கச் சொல்வது சரியாகப் படவில்லை, அதனால் எழுதுகிறேன்.

செய்னுலாப்தீன்


நுரைச்சோலை
2011.08.02

மச்சானுக்கு ஸலாம். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தை வாசித்தேன், இரண்டு மாதம் பதில் எழுத முடியவில்லை. நீங்கள் பயந்ததில் குற்றமில்லை. பயம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்தை அறிந்தவன் எழுதுகிறேன், நம்புங்கள்.

கெட்ட செய்தி. பூஞ்சணம் வந்துவிட்டது. ஒரு நாள் மூடியைத் திறந்துவிட வேண்டும் என்று தெரிந்தும் திறக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். மறுநாள் போனால் பத்தொன்பதில் பாதி சாய்ந்து கிடந்தது. பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வெங்காயத்துக்கு அடிக்கிற பூஞ்சண மருந்தைக் கால்வாசிப் பலத்தில் கலந்து, கோழி இறகால் தொட்டுத் தொட்டு வைத்தேன். மூன்று பிழைத்தது. பட்டாணி அளவு, ஆனால் முள் வந்துவிட்டது. விரலில் குத்தியும் பார்த்தேன்.

ஹயாத்து முகம்மது

நானா, உம்மு குல்தூம் எழுதுறேன். இவர் வெங்காயத்தக் கூட இப்பிடிப் பாத்ததில்ல. சுபஹு தொழுதிட்டு நேர மோட்டர் கொட்டிலுக்குத்தான் போறார். என்ன உள்ள விடுறாரில்ல, கை பட்டா முறிஞ்சிடுமாம். உம்மாட தலமாட்டுல நிக்கப் போற செடிய ஒருக்காத் தொட்டுப் பாக்க எனக்கு ஆசை. நீங்களாவது சொல்லுங்க.


தோஹா
2012.02.17

மச்சானுக்கு ஸலாம். சுகம். ஆறு மாதத்தில் உங்களிடமிருந்து இரண்டு வரிதான் வந்தது, அதுவும் செடியின் உயரம். பரவாயில்லை, அதுதான் எனக்கும் வேண்டியது.

ஒரு சந்தோஷம். என் அறையில் இருக்கிற கற்பிட்டி றிஸ்வி அடுத்த மாதம் லீவில் ஊருக்கு வருகிறார். கமரா வைத்திருக்கிறார். உம்மாவின் கபுறை ஒரு படம் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். செடி சிறியதாக இருந்தாலும் ஒன்றைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வையுங்கள். நான் பார்க்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த இடம் எப்படி இருக்கும் என்று நானாகவே நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கச்சியைச் செடியைத் தொட விடுங்கள். கஞ்சத்தனம் வேண்டாம்.

செய்னுலாப்தீன்


நுரைச்சோலை
2012.04.08

மச்சானுக்கு ஸலாம். சுகம். றிஸ்வி வந்தார். செடி வைத்தேன். படம் எடுத்தார். கல்லில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது, அதனால் படத்தில் இல்லை.

வேறு விசேஷமில்லை.

ஹயாத்து முகம்மது


தோஹா
2012.05.25

என் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் தங்கச்சிக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

படம் வந்தது. பிளாஸ்டிக் போட்டுக் கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அறையில் இருக்கிற ஏழு பேரும் அதற்கு முன்னால் உட்கார்ந்து யாசீன் ஓதினோம். இந்தோனேசியாக்காரன் ஒருவன், உன் உம்மா உனக்கு நல்ல மச்சானைத் தந்திருக்கிறார் என்றான். அழுதுவிட்டேன். செடி நேராக நிற்கிறது. ஒரு விரல் நீளம்தான், ஆனால் நல்ல பச்சை. மண்ணோடு வெள்ளைக் கல் போட்டிருந்தால் வேர் அழுகாது, செய்யுங்கள்.

உம்மா உயரமான மனிசி, அந்த மேடு சின்னதாகத் தெரிகிறது. மண் அமுங்கியிருக்கும் என்று றிஸ்வி சொன்னார்.

இப்போது என் நெஞ்சில் பாதிப் பாரம் இல்லை. அது உங்களால்.

செய்னுலாப்தீன்


நுரைச்சோலை
2012.09.21

செய்னுலாப்தீன் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் என்று கூப்பிடுகிற உரிமையை இந்தக் கடிதத்தை வாசித்த பிறகு நீங்கள் விரும்பினால் திருப்பித் தாருங்கள்.

இத்துடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. அது போன வருடம் மார்ச் மாதம் எழுதியது. தபால் கந்தோர் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். முதலில் அதை வாசியுங்கள்.

வாசித்தீர்களா? மிச்சம் இதுதான். பூஞ்சணம் வந்த அன்று மூடியைத் திறக்காமல் விட்டது செடி சாகட்டும் என்றுதான். செடி செத்தால் கபுறைக் காட்ட வேண்டியதில்லை. சாய்ந்து கிடந்ததைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது நானா. அந்தச் சந்தோஷத்தைக் கண்டு எனக்கே அருவருத்துப் போய்த்தான் இறகைத் தேடி ஓடினேன்.

றிஸ்வி வந்தபோது நாலு மேட்டில் ஒன்றைத் தெரிவு செய்தேன். எப்படித் தெரியுமா? எந்த மேட்டுக்கு ஒருவரும் வந்து ஓதி நான் பார்த்ததில்லையோ, அதை. மற்றதை விடச் சின்னது என்று என் கண்ணுக்கும் தெரிந்தது. கேட்க ஆளில்லாத இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று ஜும்ஆ முடிந்து போனபோது அந்த மேட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சரீப். குவைத்தில் இருந்து போன கிழமைதான் வந்தவர். அந்த நாலு மௌத்தில் ஒன்றான தன் ஒன்பது வயது மகளை அடக்கிவிட்டு மறு கிழமையே போக வேண்டி வந்ததாம். அடையாளம் தவறக் கூடாது என்று ஒரு முழ ஆழத்தில் நீல நிற ஓட்டுத் துண்டு ஒன்றைப் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார். தோண்டி எடுத்து எனக்குக் காட்டினார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என் காதுக்குள் சத்தமாகச் சொன்னார்:

"எண்ட புள்ளட தலமாட்டுல இத வெச்சது நீங்கதான்னு மோதினார் சொன்னார். ஒருத்தரும் அவளப் பாக்கப் போகமாட்டாங்கன்னு நெனச்சி நெனச்சி நான் அங்க அழுதிட்டு இருந்தேன். அல்லா ஒங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும்."

நான் "ஓம், நான்தான்" என்றேன். அவர் ஓட்டுத் துண்டைத் திரும்பப் புதைத்தார், நான் மண் தள்ளிக் கொடுத்தேன்.

நீங்கள் ஏழு பேரும் யாசீன் ஓதியது அந்தப் பிள்ளைக்கு முன்னால்.

வீட்டுக்கு வந்து உம்மு குல்தூமைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய்ச் சாக்கை விலக்கிக் காட்டினேன். கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கல்லைக் கழுவி, வெள்ளைத் துணி சுற்றி, அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

இனி மூன்று கபுறு. அதில் ஒன்று உம்மா. என்னிடம் செடி இரண்டு இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ஹயாத்து முகம்மது


நுரைச்சோலை
2012.12.14

நானாவுக்கு ஸலாம். உங்கள் சுகம் அறிய வேண்டும். என் கடிதம் கிடைத்ததா?

திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் தங்கச்சி என்னோடு கதைப்பதில்லை. சோறு வைக்கிறாள், தேத்தண்ணி வைக்கிறாள், சைகையால் கூப்பிடுகிறாள். எனக்குக் கேட்கிற சத்தம் உலகத்தில் அவளுடையது ஒன்றுதான் இருந்தது, அதை நிறுத்திவிட்டாள். மூன்று மாதமாக ஒன்றும் கேட்காமல் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் அவள் கேட்பாள் என்று வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.

செடி இரண்டும் சுகம். மழைக்காலம் என்பதால் தண்ணீரே கொடுக்கவில்லை.

ஹயாத்து முகம்மது


தோஹா
2013.02.22

ஹயாத்து முகம்மதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை.

கடிதம் அக்டோபரில் கிடைத்தது. அன்றே பதில் எழுதினேன், அதை நீங்கள் வாசிக்க வேண்டாம் என்று கிழித்தேன். பிறகு மூன்று எழுதிக் கிழித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதக் கை வரவில்லை. நான் லீவு கேட்காத கதையை உங்களிடம் சொன்னேனே, அப்போதாவது நீங்கள் வாய் திறந்திருக்கலாம். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கபுறை வெள்ளம் கொண்டுபோனது. பொய்யை நீங்கள் கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

படத்தைக் கழற்றவில்லை. அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைகளில் ஓதுகிறோம். அவளுடைய பெயர் என்ன என்று சரீபிடம் கேட்டு எழுதுங்கள். அங்கே வைத்த செடியை அசைக்க வேண்டாம், அது அவளுடையது.

இருக்கிற இரண்டையும் இப்போது வைக்காதீர்கள். மூன்று கபுறில் இரண்டுக்கு வைத்து ஒன்றை விட்டால், விட்டது உம்மாவாக இருந்தால்? மூன்றும் ஒரே நாளில் வைக்க வேண்டும். இதற்குள் விதை இருக்கிறது. இதிலிருந்து ஒன்று ஒரு சாண் வரட்டும். இரண்டு வருடம் ஆகும். அப்போது நான் வருவேன், இந்த முறை லீவு கேட்பேன், தராவிட்டாலும் வருவேன். மூன்றையும் நான் என் கையால் வைப்பேன். கல்லையும் அப்போது பார்ப்போம். அதுவரை நீங்கள் வளர்க்க வேண்டும். இதைச் சாக விடக் கூடாது.

செய்னுலாப்தீன்


நுரைச்சோலை
2013.03.15

நானாவுக்கு ஸலாம்.

சரீபின் மகளின் பெயர் ஸும்றா.

மன்னிக்கவில்லை என்று நீங்கள் எழுதியதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அது இருக்க வேண்டிய இடம் அதுதான். இரண்டு வருடமும் அங்கேயே இருக்கும்.

இன்று காலை விதை போட்டேன். மணல் கழுவினேன், கரித்தூள் கலந்தேன், கோப்பைகளைக் கொட்டிலில் வரிசையாக வைத்துத் தூவினேன். இந்த முறை கொட்டில் கதவைச் சாத்தவில்லை. ஒன்றும் முளைக்காமல் போய்விடுமோ என்று, இருந்த ஈரம் போதாதோ என்று, குழாயை எடுத்தேன்.

பின்னால் இருந்து, "தண்ணிய ஊத்தாதீங்க!" என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். உம்மு குல்தூம் வாசலில் நின்றாள், கையில் பொலித்தீன். உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கோப்பையாகத் தொட்டுப் பார்த்து, ஒவ்வொன்றாக மூடிவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இந்த நேரம் வரை ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் அது எனக்குக் கேட்டது நானா. நன்றாகக் கேட்டது. குழாயைக் கீழே வைத்துவிட்டேன்.

உடம்பைப் பாருங்கள். முளைத்தால் எழுதுகிறேன், முளைக்காவிட்டாலும் எழுதுகிறேன்.

ஹயாத்து முகம்மது